7.30 வேனுக்கு முன்னால் ஒரு சாண்ட்விச்: பத்தரைக்குள் ஊறிப்போகாமல் இருக்க வழி உண்டா?

#1 | காலை_அவசரம் | குரோம்பேட்டை

வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். மகள் நான்காம் வகுப்பு. பள்ளி வேன் 7.30க்கு வாசலில் நிற்கும். வாரத்தில் மூன்று நாள் காலைச் சமையல் என் பொறுப்பு. இட்லி மாவு இருக்கிறவரை கவலை இல்லை. மாவு தீர்ந்துபோகிற வியாழனும் வெள்ளியும்தான் சோதனை. அந்த இரண்டு நாளும் சாண்ட்விச் என்று முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது.

நான் செய்வது இதுதான். பிரெட்டில் வெண்ணெய், மேலே புதினாச் சட்னி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், ஒரு சீஸ் ஸ்லைஸ். மின்சார சாண்ட்விச் மேக்கரில் வைத்து எடுத்து, டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். அப்போதே சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 10.40 இடைவேளையில் டப்பாவைத் திறந்தால் சொதசொதவென்று கிடக்கிறதாம். "அப்பா, இது சாண்ட்விச் இல்லை, கூழ்" என்று சொல்லிவிட்டாள். கூழுக்கே இது அவமானம்.

போதாக்குறைக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பிரெட் பாக்கெட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாருக்கு உடம்பு சரியில்லை?"

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஊறாமல் இருக்க என்ன செய்வது? அடுப்படியில் எனக்குக் கிடைப்பது 12 நிமிடம், அதற்குள் முடியுமா?

#2 | பூண்டுப்பொடி | மதுரை

தம்பி, உங்கள் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டிலும் காய்ச்சல் வந்தால்தான் பிரெட் வரும். பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். இன்றைக்கும் பிரெட் வாசனை வந்தால் எனக்குக் கூடவே காய்ச்சல் மாத்திரை வாசனையும் வருகிறது.

உங்கள் சாண்ட்விச் ஊறுவதற்கு முதல் காரணம் சட்னிதான். சட்னி என்பது தண்ணீர் விட்டு அரைப்பது. இட்லி அதைக் குடிக்க வேண்டும் என்றுதான் அப்படி அரைக்கிறோம். பிரெட்டும் அதே வேலையைத்தானே செய்யும்! அதற்கு எதற்குச் சட்னி? துவையல் அரையுங்கள்.

கொத்தமல்லித் துவையல் செய்கிற விதம் சொல்கிறேன். இரண்டு ஸ்பூன் உளுந்து, மூன்று வரமிளகாய், துளி பெருங்காயம் மூன்றையும் எண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் ஒரு கட்டு கொத்தமல்லியைப் போட்டு, இலை சுருங்கி ஈரம் வற்றும் வரை வதக்குங்கள். கோலிக்குண்டு அளவு புளி, உப்பு. ஆறியதும் முதலில் பருப்பைப் பொடித்து, பிறகு இலையைச் சேர்த்து அரைக்க வேண்டும். தண்ணீர் விடக் கூடாது. மிக்ஸி சுற்றவே மாட்டேன் என்றால் ஒரு ஸ்பூன், அதற்கு மேல் இல்லை. உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும். ராத்திரி அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும்.

தேங்காய் சேர்க்காதீர்கள். சித்திரை வெயிலில் பத்தரை மணிக்குள் தேங்காய் புளித்துவிடும்.

#3 | மாட்டுங்கா_மாமா | மும்பை

35 வருடமாக மும்பையில் இருப்பவன் என்ற முறையில் நானும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். இங்கே தெருமுனைச் சாண்ட்விச்காரர் கையைக் கவனித்தால் பாதி பாடம் அங்கேயே கிடைக்கும். வெண்ணெயை நடுவில் மட்டும் தடவ மாட்டார். நான்கு ஓரம் வரை, மூலை வரை, இரண்டு துண்டிலும் தடவுவார். நான் முதலில் ருசிக்காக என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, ஈரம் பிரெட்டுக்குள் இறங்காமல் அந்த வெண்ணெய்தான் தடுக்கிறது. நாம் ஜாம் தடவுவது மாதிரி நடுவில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

அடுத்தது பச்சைச் சட்னி. கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சை. அதைக் கெட்டிப்படுத்த ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை போட்டு அரைக்கிறவர்கள் உண்டு. மதுரை அக்கா சொல்கிற துவையலுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

அதற்கு மேல் வேகவைத்த உருளைக்கிழங்கை மெல்லிய வில்லையாக அடுக்குவார். அப்புறம் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட். ஒவ்வோர் அடுக்குக்கும் மேலே மசாலாப் பொடி தூவுவார். நீங்கள் செய்யும்போது தக்காளியும் வெள்ளரியும் பிரெட்டைத் தொடவே கூடாது. இரண்டு பக்கமும் உருளை, நடுவில் ஈரக் காய். உருளை ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. அவர் கையிலிருந்து என் வாய்க்கு வர இரண்டு நிமிடம் ஆகும். உங்கள் மகளுக்கு மூன்று மணி நேரம். அவர் செய்கிற எல்லாமே டப்பாவுக்கு ஒத்துவராது. பீட்ரூட்டை விட்டுவிடுங்கள், சீருடைக்கும் ஆகாது.

#4 | விடுதிப்பறவை | கோவை

எங்கள் விடுதியில் அடுப்பு கிடையாது. இஸ்திரிப் பெட்டிதான் எங்கள் டோஸ்டர். பிரெட்டை வெண்ணெய்த் தாளில் சுற்றி மேலே அழுத்தினால் போதும். சாண்ட்விச்சும் ரெடி, சட்டைக்கு வெண்ணெய் மணமும் ரெடி.

#5 | வாட்_கணக்கு | ஓசூர்

தம்பி, அந்த மாதிரி செய்யாதீர்கள். உருகிய வெண்ணெய் நீராவித் துளைக்குள் போனால் அப்புறம் புகைதான். வார்டன் மூக்குக்கும் வேலை வந்துவிடும்.

இழை தொடங்கியவருக்கு: உங்கள் சாண்ட்விச் மேக்கர் இரண்டு முக்கோணமாக ஓரத்தை அழுத்தி ஒட்டுகிற வகைதானே? உள்ளே காயிலிருந்து கிளம்புகிற ஆவிக்கு வெளியே போக வழியே இல்லை. சூடாகச் சாப்பிட அது சுகம். டப்பாவுக்கு அதுதான் எமன். அடைபட்ட ஆவி குளிர்ந்து தண்ணீராகி பிரெட்டிலேயே இறங்குகிறது. தோசைக்கல்லில் திறந்தவாறு சுடுவது டப்பாவுக்கு நல்லது.

மேக்கரை விடவே மாட்டேன் என்றால், விளக்கு அணைகிற வரை வெறுமனே சூடாகவிட்டு அப்புறம் பிரெட்டை வையுங்கள். பலர் பிரெட்டை வைத்துவிட்டு சுவிட்சைப் போடுகிறார்கள். அதில் பிரெட் சுடுவதற்கு முன்பே வெந்துபோகும்.

மின்கட்டணத்துக்குப் பயந்து அந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம். 750 வாட்ஸ் மேக்கர் 6 நிமிடம் ஓடினாலும் 0.075 யூனிட்தான்.

#6 | பேக்கரி_அடுப்பு | பொள்ளாச்சி

எல்லாரும் உள்ளே வைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரெட்டை யாரும் கேட்கவில்லையே! 19 வருடம் பேக்கரியில் நின்றவன், என் மனசு கேட்கவில்லை.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இனிப்பு கலந்த மில்க் பிரெட். டீயில் தொட்டுச் சாப்பிட அருமையாக இருக்கும். சாண்ட்விச்சுக்கு அது இரண்டு விதத்தில் தொல்லை. சர்க்கரை இருப்பதால் உள்ளே சூடு போவதற்குள் மேலே கருகிவிடும். மெத்தென்று இருப்பதால் ஈரம் பட்டதும் படுத்துவிடும். கடையில் "சால்ட் பிரெட்" என்று கேளுங்கள், அல்லது "சாண்ட்விச் பிரெட்". சாண்ட்விச் பிரெட் என்பது மூடி போட்ட டின்னில் சுடுவது. மாவு மேலே எழும்ப இடம் இல்லாததால் நான்கு பக்கமும் சதுரமாக வரும். துளைகள் பொடியாக, நெருக்கமாக இருக்கும். மூடி இல்லாத டின்னில் சுட்டது தலை உப்பியிருக்கும். பார்த்தாலே தெரியும்.

அடுத்து, புது பிரெட்டுக்கு ஆசைப்படாதீர்கள். அன்று சுட்டதைவிட முந்தின நாள் பிரெட்தான் சாண்ட்விச்சுக்குக் கட்டுக்கோப்பாக நிற்கும். சூடு ஆறாத பிரெட்டை நாங்கள் அறுக்கவே மாட்டோம். கத்தியில் அப்பிக்கொண்டு வரும்.

பழுப்பு நிறத்தைப் பார்த்துக் கோதுமை என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேரமல் நிறம் சேர்த்தாலே பழுப்பு வந்துவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். முதலில் மைதா என்று இருந்தால் அது மைதா பிரெட்தான், முன்பக்கத்தில் எத்தனை கதிர் படம் போட்டிருந்தாலும் சரி.

#7 | காலை_அவசரம் | குரோம்பேட்டை

அடேங்கப்பா, ஒரே நாளில் இத்தனை பதிலா! வீட்டில் இருப்பதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மில்க் பிரெட்.

பேக்கரி அண்ணா, பிரெட்டை நான் ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன். வெளியே வைத்தால் நான்காம் நாள் பச்சையாகப் பூசணம் பூத்துவிடுகிறது. அது சரியா? அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா? அப்புறம், பிரெட்டில் ஏதோ ரசாயனம் என்று ஒரு காலத்தில் பெரிய பேச்சாக இருந்ததே, அது என்ன ஆயிற்று?

#8 | பேக்கரி_அடுப்பு | பொள்ளாச்சி

கிள்ளி எறிவது கூடவே கூடாது. பிரெட் மிருதுவான பொருள். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது மேலே பூத்தது மட்டும்தான். அதன் இழைகள் உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாக்கெட்டோடு குப்பைக்குப் போகட்டும்.

பூசணம் இல்லாமலும் பிரெட் கெடும். மழைக்காலத்தில் துண்டைப் பிய்த்தால் உள்ளே பிசுபிசுவென நூல் நூலாக வரும், அழுகிய அன்னாசிப் பழ வாசனை அடிக்கும். அது பாக்டீரியா வேலை. பேக்கரிக்காரன் கெட்ட கனவில் வருவது அதுதான். ஒருமுறை வந்தால் பட்டறையையே கழுவி ஊற்ற வேண்டும்.

ஃப்ரிட்ஜ் பூசணத்தைத் தள்ளிப்போடும், உண்மை. ஆனால் பிரெட்டை வறட்டி மாதிரி ஆக்கும். வெந்த மாவுச்சத்து ஆறியதும் மறுபடி இறுகத் தொடங்குகிறது. ஃப்ரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக இறுகும். ஃப்ரீசரில் வைத்தால் அந்த இறுக்கம் அப்படியே நின்றுவிடும். அதனால் இரண்டு நாளுக்குத் தேவையானதை வெளியே வையுங்கள், மிச்சத்தை உறையில் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். காலையில் இரண்டு துண்டை எடுத்து நேரே கல்லில் போடலாம், உருகக் காத்திருக்க வேண்டியதில்லை. டோஸ்ட் செய்வதற்கென்றால் ஃப்ரிட்ஜ் பிரெட்டும் குற்றமில்லை. சூடுபட்டால் பாதி உயிர் திரும்பிவிடும்.

நீங்கள் கேட்ட ரசாயனம் பொட்டாசியம் புரோமேட். மாவை உறுதிப்படுத்தப் போடுவார்கள். 2016 மே மாதம் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 பிரெட், பன், பீட்சா மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 சதவீதத்தில் புரோமேட் அல்லது அதே வேலைக்குப் போடும் அயோடேட்டின் எச்சம் இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

#9 | டீக்கடை_பெஞ்சு | திருச்சி

காய், துவையல் என்று சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். 12 நிமிடம்தான் இருக்கிறது என்பவருக்கு டீக்கடை மாஸ்டரைக் காட்டாமல் விடலாமா? பிரெட் ஆம்லெட்டைவிட வேகமான சாண்ட்விச் நம் ஊரில் கிடையாது.

இரண்டு முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, உப்பு. நுரைக்க அடிக்கவும். தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும், ஆனால் புகையக் கூடாது. எண்ணெய் விட்டு முட்டையை ஊற்றியதும், அது உறைவதற்குள் இரண்டு பிரெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடனே புரட்டிப் போடுங்கள். இப்போது பிரெட்டின் இரண்டு பக்கமும் முட்டை நனைந்திருக்கும். தீயைத் தணித்து ஒரு நிமிடம் விடுங்கள். அடிப்பக்கம் உறைந்ததும் தோசைத் திருப்பியை முழுசாக உள்ளே விட்டு மொத்தமாகத் திருப்புங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்டை ஓரங்களை உள்ளே மடித்து, ஒரு பிரெட்டை இன்னொன்றின் மேல் புத்தகம் மூடுவது போல மூடினால் முடிந்தது கதை. நான்கு நிமிடம். தட்டுகூட வேண்டாம், செய்தித்தாள் போதும் என்று சொல்வேன், ஆனால் மை ஒட்டும் என்று அடிக்க வருவீர்கள்.

சொதப்பும் இடம் ஒன்றுதான். மொத்தமாகத் திருப்பும்போது பயப்படக் கூடாது. பயந்து பாதியில் நிறுத்தினால் முட்டைப் பொரியலும் இரண்டு பிரெட்டும் தனித்தனியாகக் கிடைக்கும். அதுவும் ருசிதான்.

#10 | கொதிநீர் | வேலூர்

பிரெட் ஆம்லெட் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நல்லது. டப்பாவில் போட்டு 7 மணிக்கு மூடி மதியம் 12.30க்குத் திறப்பதாக இருந்தால் நான் கொடுக்க மாட்டேன். பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கிறேன், அதனால் இந்தத் தொணதொணப்பு. சமைத்த உணவைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 முதல் 60 டிகிரி வரை கிருமி பெருகத் தோதான சூடு. நம் ஊர் வேனுக்குள் ஏப்ரலில் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. சாண்ட்விச் என்றாலே மயோனைஸ் என்று ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாட்டில் தயாரிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள். தெலங்கானா அதற்கு முன்பே, 2024 அக்டோபர் கடைசியில் போட்டது. கடைக்குப் போட்டார்கள், வீட்டில் அதையே மிக்ஸியில் அடிக்கிறவர்களை யார் தடுப்பது? அந்த வெண்மையும் வழவழப்பும்தான் வேண்டும் என்றால், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் வடியவிடுங்கள். காலையில் உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு ஒரு பல், ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்து அடித்தால் போதும். இதுவும் வீட்டில் சாப்பிட மட்டும்.

#11 | டீக்கடை_பெஞ்சு | திருச்சி

> டப்பாவில் போட்டு 7 மணிக்கு மூடி மதியம் 12.30க்குத் திறப்பதாக இருந்தால் நான் கொடுக்க மாட்டேன்

என் அம்மா பத்து வருடம் எனக்கு ஆம்லெட் வைத்த சோற்று டப்பாதான் கொடுத்தார். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் சார். எல்லாவற்றுக்கும் பயம் காட்டினால் குழந்தைக்குக் காற்றைத்தான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

#12 | கொதிநீர் | வேலூர்

உயிரோடு இருப்பவர்தானே வந்து சொல்ல முடியும் சார்? ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்து பள்ளிக்குப் போகாமல் இருந்ததை யாரும் ஆம்லெட் கணக்கில் எழுதுவதில்லை. "நேற்று வெயிலில் விளையாடினான்" என்று முடித்துவிடுகிறோம். நான் முட்டையே கூடாது என்று சொல்லவில்லை. முட்டையை வீட்டில் கொடுங்கள், டப்பாவில் துவையலைக் கொடுங்கள் என்கிறேன்.

#13 | மட்டுறுத்துநர்

இருவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். சாண்ட்விச்சுக்குத் திரும்புவோம்.

#14 | பினாங்கு_வாசி | ஜார்ஜ் டவுன்

வணக்கம். எங்கள் பக்கம் பிரெட்டை ரொட்டி என்போம், காலை உணவைப் பசியாறல் என்போம். "பசியாறியாச்சா?" என்பதுதான் இங்கே காலை வணக்கமே.

இங்கே கோப்பிக் கடையில் ரொட்டி பக்கார் என்று கொடுப்பார்கள். மெல்லிய ரொட்டியை நெருப்பில் மொறுமொறுவென்று வாட்டி, உள்ளே காயா தடவி, தடிமனான ஒரு துண்டு குளிர்ந்த வெண்ணெய் வைப்பார்கள். காயா என்பது தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, வாசனைக்குப் பாண்டான் இலை எல்லாம் சேர்த்துக் கிண்டிய பசை. பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை, அதில் சோயா சாஸும் வெள்ளை மிளகும். வேலூர்க்காரர் அரைவேக்காடு என்றதும் முகம் சுளிப்பார் என்று தெரியும்.

சொல்ல வந்தது வேறு. அவர்கள் ரொட்டியை முதலில் வாட்டிவிட்டு அப்புறம்தான் தடவுகிறார்கள். நாம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டுச் சுடுகிறோம், வெளிப்பக்கம்தான் மொறுமொறுப்பாகிறது. உள்பக்கம் பச்சையாகவே இருந்து ஈரத்தைக் குடிக்கிறது. டப்பாவுக்கு இதை மாற்றிச் செய்து பாருங்கள். வெண்ணெய் தடவிய பக்கத்தைக் கல்லில் வைத்து முறுக விட்டு, அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மூடுங்கள். என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கட்டுகிறேன்.

#15 | வடமராட்சி_மகள் | பருத்தித்துறை

பினாங்கு அண்ணா சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். எங்களுக்குப் பிரெட் என்றால் பாண். பாணும் சம்பலும் இல்லாத காலைச் சாப்பாடு இங்கே குறைவு. தேங்காய்ப்பூச் சம்பல் அன்றைக்கே சாப்பிட வேண்டும், கட்டிக் கொடுக்க ஏலாது. ஆனால் சீனிச்சம்பல் இருக்கிறதே, அது பாணுக்கென்றே பிறந்தது. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, எண்ணெயில் குறைந்த நெருப்பில் பொறுமையாக வதக்கி, செத்தல் மிளகாய்த்தூள், மாசித்தூள் (காய்ந்த மீன் தூள்), புளி, கறுவா (பட்டை), ஏலம் போட்டு, கடைசியில் சீனி சேர்த்து இறக்குவது. வெங்காயத்தின் தண்ணீர் முழுக்க வற்றி, எண்ணெய் பளபளவென்று மேலே நிற்கும். மாசி சாப்பிடாத ஆட்கள் அதை விட்டுச் செய்யலாம். ஒரு போத்தல் செய்து வைத்தால் வாரம் முழுக்க வரும். விடியக் காலையில் பாணை வாட்டி, பட்டர் பூசி, இதை வைத்தால் ஐந்து நிமிடம்கூடச் செல்லாது.

#16 | பூண்டுப்பொடி | மதுரை

பருத்தித்துறைத் தங்கச்சி சொன்ன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. சீனிச்சம்பலும் நம் தொக்கும் ஒரே சாதி. தண்ணீரை ஓட்டிவிட்டு எண்ணெயை மட்டும் நிறுத்துகிற சமையல். தக்காளியை வெட்டி வைத்தால் சாண்ட்விச் ஊறும். அதே தக்காளியைத் தொக்காக்கித் தடவினால் ஊறாது. இதை ஏன் நான் முதலிலேயே சொல்லவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எண்ணெய் பிரிந்து வந்த தொக்கு, துவையல், நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப்பொடி. மூன்றும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. இட்லிப்பொடிச் சாண்ட்விச் சிரிப்பாகத் தோன்றும். வெண்ணெய் தடவி, மேலே பொடி தூவி, கல்லில் இரண்டு பக்கமும் முறுக விட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

பச்சைத் தக்காளியேதான் வேண்டும் என்றால், விதையும் சாறும் இருக்கிற நடுப்பகுதியை வழித்துப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் வையுங்கள். உப்பைக் காய் மேல் போடாதீர்கள். உப்புப் பட்ட அடுத்த நிமிடமே வெள்ளரி அழ ஆரம்பித்துவிடும். உப்பெல்லாம் துவையலிலேயே இருக்கட்டும்.

#17 | காலை_அவசரம் | குரோம்பேட்டை

பத்து நாள் கழித்து வருகிறேன். சும்மா நன்றி சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று, செய்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

முதல் வியாழன்: சால்ட் பிரெட் வாங்கினேன். முந்தின இரவு கொத்தமல்லித் துவையல் அரைத்து வைத்தேன். ராத்திரி உருளைக்கிழங்கு வறுவல் என்பதால் வெந்த கிழங்கில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். காலையில் அடுப்பைப் பற்றவைத்தேன். ஓரம் வரை வெண்ணெய் தடவி, அந்தப் பக்கத்தைக் கல்லில் முறுகவிட்டு, துவையல், உருளை வில்லை, நடுவில் கொஞ்சம் வெள்ளரி. பதினோரு நிமிடத்தில் முடிந்தது! அப்புறம் வேன் ஹாரன் கேட்டதும் பதற்றத்தில் சூடாகவே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். வேன் அன்றைக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தது. மாலையில் மகள் சொன்னது: "மேலே பரவாயில்லை, அடியில் கூழ்."

வெள்ளி: அம்மா அடுப்படிக்கு வந்து நான் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். மூடப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தார். சுவரில் மாட்டியிருந்த இடியாப்பத் தட்டை எடுத்து, சாண்ட்விச்சை அதன் மேல் வைத்தார். "சூட்டோட மூடினா வேர்க்காதா? இதுகூடவா தெரியாது?" கீழேயும் காற்று போகிறதே! ஐந்து நிமிடம் ஆறியது. அலுமினியத் தாளுக்குப் பதிலாக டப்பாவின் அடியில் ஒரு பருத்தித் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் வைத்தேன். அன்று டப்பா காலியாக வந்தது. தோழி ஒருத்திக்கும் பாதி போயிருக்கிறது. "என்ன சட்னி இது?" என்று கேட்டாளாம்.

இந்த வாரம் வியாழன் சீனிச்சம்பல், மாசி இல்லாமல். வெங்காயம் வதங்க நாற்பது நிமிடத்துக்கு மேல் பிடித்தது, ஞாயிற்றுக்கிழமையே செய்து வைத்திருந்தேன். மகளுக்குக் காரம் கொஞ்சம் அதிகம், எனக்கும் மனைவிக்கும் அதுதான் பிடித்தது. வெள்ளி இட்லிப்பொடி. எட்டு நிமிடம்.

பிரெட் ஆம்லெட் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே. திருப்பும்போது பயந்துவிட்டேன். முட்டைப் பொரியலும் இரண்டு பிரெட்டும் கிடைத்தன. நீங்கள் சொன்னது சரி, அதுவும் ருசிதான்.

சாண்ட்விச் மேக்கர் அலமாரிக்கு மேலே போய்விட்டது.

#18 | வாட்_கணக்கு | ஓசூர்

மேக்கரை இறக்குங்கள் சார். ஞாயிற்றுக்கிழமை மாலை சீஸும் சோளமும் வைத்து உடனே சாப்பிட அதைவிட நல்ல கருவி கிடையாது. அதன் தப்பு என்ன, அதை டப்பா வேலைக்கு அனுப்பியது நாம்.

#19 | மாட்டுங்கா_மாமா | மும்பை

இடியாப்பத் தட்டு! 35 வருடமாக இங்கே கம்பி வலை வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு இடியாப்பத் தட்டு சும்மா தொங்குகிறது.

#20 | விடுதிப்பறவை | கோவை

அக்கா, தக்காளித் தொக்கு அளவு சொல்லுங்கள். ஊரிலிருந்து அம்மாவைச் செய்து அனுப்பச் சொல்கிறேன். பிரெட்டோடு அப்படியே சாப்பிட்டுக்கொள்கிறேன், இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை, சத்தியம்.

#21 | பூண்டுப்பொடி | மதுரை

ஒரு கிலோ நன்றாகப் பழுத்த தக்காளி, 150 மில்லி நல்லெண்ணெய், மிளகாய்த்தூள் இரண்டரை ஸ்பூன், கல்லுப்பு, கொஞ்சம் புளி, மஞ்சள் தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் ஸ்பூன், பெருங்காயம். கடுகு தாளித்து, அரைத்த தக்காளியை ஊற்றி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் கிண்ட வேண்டும். மேலே தெறிக்கும், பாதி மூடி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்பதற்கு முன்னால் இறக்கினால் அது தொக்கு ஆகாது, கெட்டுப்போகும். ஈரக் கரண்டியைப் போடாதே தம்பி.

#22 | காலை_அவசரம் | குரோம்பேட்டை

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று அம்மாவே ஒரு சாண்ட்விச் கேட்டார். பருப்புத் துவையல் வைத்துக் கொடுத்தேன். முழுதும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. துவையல் மிச்சம் இருந்தா வை, மத்தியானம் சூடான சோத்துல பிசைஞ்சுக்கறேன்."